டொலர் வருமா டீச்சர்?



கொஞ்சம் நீளமான பதிவு. இப்ப நேரமில்லாத பெற்றோர் சேமித்து வைத்து இரவைக்கு வாசியுங்கள். விடயம் உங்கட பிள்ளைகளைப் பற்றியது.

போன மாதம் மட்டும் ஐந்து உம்மாமார் வட்ஸ்அப்பில் என்னிடம் ஒரே கேள்வியைக் கேட்டார்கள். "டீச்சர், போன்ல வீடியோ எடுத்து நெட்ல வித்தா டொலர்ல சல்லி வருமாம். மெய்யா?" அதில் ஒருவர் கூடவே, "அதுக்கு ஒரு கோர்ஸ் ஈக்காம், இருபத்தையாயிரம் கேக்கிறாங்க, கட்டவா?" என்றும் கேட்டிருந்தார். ஆறாவதாக வந்தது உம்மா அல்ல, பிள்ளையே. ஓ.எல். நல்ல பெறுபேறோடு முடித்த பையன். "டீச்சர், ஏ.எல். செய்யப் போறதில்ல, ஸ்டொக் வீடியோ செய்யப் போறன்" என்றான். அன்று இரவு எனக்குத் தூக்கம் வரவில்லை. காரணம், இந்த ஆசையை அவனுக்குள் போட்டதே நான்தான். வகுப்பில் ஒரு நாள் என் கணக்கைத் திறந்து காட்டியிருந்தேன்.

அதனால் எல்லோருக்கும் பொதுவாக எழுதுகிறேன். மெய், சல்லி வரும். கோர்ஸுக்குக் கட்ட வேண்டாம். ஏ.எல்.லை விடவும் வேண்டாம்.

முதலில் இது என்ன என்று சொல்ல வேண்டும். பலர் யூடியூப் என்று நினைத்துக்கொண்டிருக்கிறார்கள். இது வேறு. முகம் காட்டிப் பேச வேண்டியதில்லை, சப்ஸ்கிரைப் பண்ணுங்க என்று கெஞ்ச வேண்டியதில்லை. ஐந்து செக்கனில் இருந்து அறுபது செக்கன் வரைக்கும் உள்ள துண்டு வீடியோ. தகரக் கூரையில் மழை, தேத்தண்ணி ஆற்றுகிற கை, சந்தியில் திரும்புகிற திரீவீல். எங்கோ ஒரு நாட்டில் விளம்பரமோ ஆவணப்படமோ செய்கிறவனுக்கு அந்தக் காட்சி தேவைப்படும். அதற்காக விமானம் ஏறி வருவதை விட நம்முடைய துண்டை வாங்குவது அவனுக்கு மலிவு. ஷட்டர்ஸ்டொக், அடோபி ஸ்டொக், பொண்ட்5 மாதிரியான இணையத்தளங்கள் நடுவில் நின்று விற்றுக்கொடுத்து, தங்கட பங்கை எடுத்துக்கொண்டு மிச்சத்தை நமக்குத் தருகின்றன. ஷட்டர்ஸ்டொக்கைத் தொடங்கிய ஜொன் ஒரிங்கரும் 2003இல் தான் எடுத்த சுமார் 30,000 படங்களைப் போட்டுத்தான் கடை திறந்தார். அதே கம்பனி 2022இல் பொண்ட்5ஐ 210 மில்லியன் டொலருக்கு வாங்கியது. இதில் சல்லி இருக்கிறது என்பதில் சந்தேகமில்லை. அது யாருடைய பையில் எவ்வளவு விழுகிறது என்பதுதான் பெற்றோர் தெரிந்துகொள்ள வேண்டியது.

என்னுடைய கதை இது. 2022 ஜூன், ஜூலையில் எரிபொருள் இல்லை என்று பாடசாலைகளை மூடினார்களே, அப்போது தொடங்கினேன். கல்வியியற் கல்லூரியில் படித்த காலத்திலேயே எனக்குப் படம் பிடிக்கிற ஆசை இருந்தது. ஆனால் கையில் ஒன்றும் இருக்கவில்லை. கட்டாரில் இருக்கிற தம்பி அனுப்பிய போன் ஒன்றும், மெயின் வீதியில் வாங்கிய மலிவு ஸ்டாண்ட் ஒன்றும்தான் முதல். டொலர் 200 ரூபாவில் இருந்து 360 வரைக்கும் ஏறிய காலம். ஆசிரியர் சம்பளம் கண் முன்னாலேயே கரைந்தது. டொலரில் ஒரு சதம் வந்தாலும் போதும் என்றுதான் இறங்கினேன்.

முதலில் 20 துண்டு போட்டேன். 17 திரும்பி வந்தது. கை ஆடியிருக்கிறது, இருட்டில் புள்ளி புள்ளியாக இருக்கிறது, குவளையில் பால்மா கம்பனியின் பெயர் தெரிகிறது என்று ஒவ்வொன்றுக்கும் ஒரு காரணம். நாலு மாதம் ஒன்றும் விற்கவில்லை. ஐந்தாம் மாதம், எங்கட பின் வாசலில் பீலியில் இருந்து வாளிக்குள் மழைத்தண்ணி விழுகிற ஒரு துண்டு விற்றது. மூன்று டொலர் கூட இல்லை. வீட்டில் எல்லோருக்கும் காட்டினேன். உம்மா, "மழைத்தண்ணிய வித்த மொத ஆள் நீதான்" என்றா.

இன்றைக்கு என் கணக்கில் 340 துண்டு இருக்கிறது. மூன்று வருடத்துக்கு மேல் செய்து நான் எடுத்த மொத்தச் சல்லி, என் மாதச் சம்பளத்தின் இரண்டரை மடங்கு. மாதத்துக்கு அல்ல, மொத்தமாக. கோர்ஸ் விற்கிறவர்கள் காட்டுகிற ஸ்க்ரீன்ஷொட்டில் இந்தக் கணக்கு வராது. வீடியோ விற்றுத்தான் மாதம் லட்சக்கணக்கில் வருகிறதென்றால், அந்த ஆள் ஏன் உங்கட இருபத்தையாயிரத்துக்கு வாசலில் நிற்கிறார்? அவர் சொல்லித் தருகிற எல்லாமே அந்தத் தளங்களின் உதவிப் பக்கங்களில் இலவசமாகக் கிடக்கிறது.

பங்குக் கணக்கையும் பாருங்கள். அடோபி ஸ்டொக் வீடியோவுக்கு நமக்கு 35 சதவீதம் தருகிறது. ஷட்டர்ஸ்டொக் 2020 ஜூனில் முறையை மாற்றியது. 15 சதவீதத்தில் தொடங்கி, விற்க விற்க 40 வரைக்கும் ஏறலாம். ஆனால் ஒவ்வொரு ஜனவரி முதலாம் திகதியும் எல்லோரையும் திரும்பக் கீழ்ப் படிக்கு இறக்கிவிடுவார்கள். இருபது டொலருக்கு ஒரு துண்டு விற்றால் ஒரு இடத்தில் ஏழு டொலர், மற்ற இடத்தில் மூன்று. பொண்ட்5இல் விலையை நாமே போடலாம். அது நல்லது. ஆனால் அங்கே ஆட்கள் வந்து வாங்குவதற்குப் பொறுமை வேண்டும்.

அடுத்தது, சல்லியை எப்படி எடுப்பது. இதில்தான் எங்கட நாட்டுப் பிள்ளைகள் தலையில் கை வைப்பது. பேபாலில் இலங்கையில் இருந்து சல்லி கட்டலாம், பெற முடியாது என்று எத்தனை வருடம் இழுபட்டது என்று உங்களுக்கே தெரியும். நான் பயோனியர் வழியாக எடுக்கிறேன். கணக்கில் குறைந்தது 25 டொலர் சேர வேண்டும், அதற்குக் குறைந்தால் அனுப்பமாட்டார்கள். எனக்கு முதல் 25 சேர ஒரு வருடம் பிடித்தது. அமெரிக்க வரிக்கு டபிள்யூ-8பென் என்று ஒரு படிவம் கேட்பார்கள். பயந்து விட்டுவிட வேண்டாம். அதை நிரப்பாவிட்டால் அமெரிக்காவில் விற்பதில் 30 சதவீதம் வரி போகும். அந்த நாட்டோடு நமக்கு வரி உடன்படிக்கை இருப்பதால், சரியாக நிரப்பினால் அது குறையும். பெயரை அடையாள அட்டையில் உள்ளபடியே எல்லா இடத்திலும் எழுதுங்கள். முஹம்மத் என்பதை ஒரு இடத்தில் முழுதாகவும் மற்ற இடத்தில் முதலெழுத்தாகவும் எழுதி இரண்டு மாதம் சல்லி நின்ற ஒரு பிள்ளையை எனக்குத் தெரியும்.

இன்னொன்று. கணக்குத் திறக்க 18 வயது ஆக வேண்டும். ஓ.எல். பிள்ளை தன் பெயரில் திறக்க முடியாது. பொய் வயது போட்டால், சல்லி எடுக்கிற நேரத்தில் அடையாள அட்டை கேட்கும்போது எல்லாம் போகும். வாப்பாவோ உம்மாவோ தங்கட பெயரில் திறந்து, பிள்ளையோடு சேர்ந்து செய்யுங்கள். இந்த நிபந்தனை எனக்கு மிகவும் பிடிக்கும். பிள்ளை என்ன எடுக்கிறான் என்று பெற்றோருக்குத் தெரிய வருகிறதே.

சரி, எதை எடுப்பது? கடற்கரையில் சூரியன் மறைவது, தென்னை மரம், அலை, இவை லட்சக்கணக்கில் கிடக்கின்றன. போதாததற்கு இப்போது எழுதிக் கொடுத்தால் கம்ப்யூட்டரே அலையையும் சூரியனையும் செய்து தந்துவிடுகிறது. அடோபி தன் ஃபயர்ஃப்ளையை 2023இல் கொண்டுவந்தபோது, அதைப் பழக்கியதே ஸ்டொக்கில் நம்மைப் போன்றவர்கள் போட்ட படங்களை வைத்துத்தான். அதற்கென்று ஒரு சிறு தொகை கொடுத்தார்கள்தான். ஆனாலும் நாம் போடுகிறது நாளைக்கு நம்முடைய வேலைக்கே வேட்டு வைக்கலாம் என்பதைப் பிள்ளைகளுக்கு மறைக்கக் கூடாது. கோர்ஸ்காரர் இதை வாயே திறக்கமாட்டார்.

கம்ப்யூட்டருக்குத் தெரியாதது எங்கட வீட்டிலும் எங்கட தெருவிலும்தான் இருக்கிறது. வட்டிலப்பத்துக்கு முட்டை அடிக்கிற கை. கித்துள் கருப்பட்டியைச் சீவுகிற கத்தி. பெருநாள் காலையில் மருதாணிச் சிவப்பு. ஆப்பச்சட்டியைச் சுழற்றுவது. கொத்து ரொட்டித் தகட்டில் இரண்டு கரண்டியும் சண்டை பிடிக்கிற சத்தம் (சத்தத்தை நீக்காமல் போடுங்கள்). கையை மட்டும் எடுத்தால் முகப் பிரச்சினை இல்லை. வெளியே போக முடியாத பெண்கள் குசினியில் இருந்தபடியே செய்யலாம். என் 340இல் பாதிக்கு மேல் உம்மாவின் கைதான். ஒரு கமிஷனும் கேட்பதில்லை, "நகத்த வெட்டிட்டு வாறன் பொறு" என்று மட்டும் சொல்வா. நோன்பு, பெருநாள் சம்பந்தமானவற்றை இரண்டு மூன்று மாதம் முந்தியே போட்டுவிட வேண்டும், வாங்குகிறவர்கள் முன்கூட்டியே தேடுவார்கள்.

எடுக்கிற விதம் பெரிய வித்தை அல்ல. போனை 4கே-யில் வையுங்கள், ஸ்டாண்டில் நிறுத்துங்கள், சூம் பண்ணாதீர்கள், பதினைந்து செக்கன் மூச்சைப் பிடித்துக்கொண்டு நில்லுங்கள். காலை ஆறேகாலில் இருந்து எட்டு மணி வரைக்கும் வெளிச்சம் நல்லது. கடினமானது அதற்குப் பிறகுதான்: ஒவ்வொரு துண்டுக்கும் ஆங்கிலத்தில் தலைப்பும், ஐம்பது வரைக்கும் தேடற்சொற்களும் எழுத வேண்டும். "பீலி" என்பதற்கு ஆங்கிலம் தேடி நானே அகராதி புரட்டினேன். ஆங்கில டியூஷனுக்குக் கொடுக்கிற சல்லிக்கு இதைச் செய்ய விட்டால் பிள்ளைக்குச் சொல் ஏறும்.

இனி, நான் எழுத யோசித்த பகுதி.

முகம் தெரிகிற ஆளை விளம்பரத்துக்கு விற்க வேண்டுமென்றால் அவரிடம் கையெழுத்து வாங்கிய அனுமதிப் படிவம் வேண்டும். ஆனால் "எடிட்டோரியல்" என்று ஒரு வகை இருக்கிறது. செய்தி, ஆவணப்படம், கல்வி ஆகியவற்றுக்கு மட்டும் பாவிப்பது. ஊர், நாடு, திகதி எழுதிப் போட்டால் போதும், கையெழுத்துத் தேவையில்லை. 2022இல் நான் எங்கட மாடி ஜன்னலில் இருந்து மண்ணெண்ணெய் வரிசையை எடுத்து இந்த வகையில் போட்டேன். அது நாலு தரம் விற்றது. என் கணக்கில் அப்போதைக்கு நன்றாகப் போனது அதுதான்.

அடுத்த வருடம் பெற்றோர் கூட்டத்துக்கு வந்த ஒரு உம்மா, எல்லோரும் போன பிறகு நின்றா. "டீச்சர், என்ட படம் நெட்ல போகுதாம். மாமி வீட்டு ஆக்கள் கண்டு அனுப்பினாங்க" என்று போனை நீட்டினா. ஏதோ வெளிநாட்டு மொழியில் ஒரு வீடியோ. நாடு வங்குரோத்தான கதை. நடுவில் ஆறு செக்கன், இவ தரையில் குந்தியிருக்கிறா, பக்கத்தில் மஞ்சள் கேன், ஷோல் தோளில் சரிந்து கிடக்கிறது. மூலையில் ஜன்னல் கம்பியின் நிழல். என்னுடைய ஜன்னல்.

அன்று நான் ஒன்றும் சொல்லவில்லை. "அப்படியா, அநியாயம்" என்று கூடச் சொன்னேன். அல்லாஹ் மன்னிக்கட்டும். இரண்டு கிழமை கழித்து வீட்டுக்குப் போய், எடுத்தது நான்தான் என்று சொன்னேன். ஏசுவா என்று நினைத்தேன். கொஞ்ச நேரம் என்னைப் பார்த்துவிட்டு, "டீச்சர் ஒரு வார்த்தை கேட்டிருந்தா ஷோல ஒழுங்கா போட்டிருப்பனே" என்றா.

அந்தத் துண்டை நான் நீக்கிவிட்டேன். ஆனால் நீக்கினாலும், ஏற்கெனவே வாங்கியவர்களின் அனுமதி நீங்காது. அந்த நாலு பேர் அதை இன்னும் பாவிக்கலாம். நாலு விற்பனையில் எனக்கு வந்தது பதினொரு டொலர். அன்றைய விலையில் ரூபாவாக்கி என்வலப்பில் போட்டுக் கொடுத்தேன். வேண்டாம் என்றா. பிறகு மகளுக்குக் கொப்பி வாங்க எடுத்துக்கொண்டா.

நான் வரலாறு படிப்பிக்கிற ஆசிரியை. வெள்ளைக்காரன் காலத்துத் தபாலட்டைகளைப் பிள்ளைகளுக்குக் காட்டுவேன். 1890இல் கொழும்பில் தொடங்கிய பிளேட் கம்பனி போன்றவை எங்கட நாட்டுக் காட்சிகளையும் ஆட்களையும் படமாக்கித் தபாலட்டையாக விற்றன. சோனகர், தமிழ்ப் பெண், கூலியாள் என்றுதான் அந்தக் காலத்து அட்டைகளில் கீழே எழுதியிருக்கும், பெயர் இருக்காது. அந்தப் பெண் யார், எந்தத் தெரு, அவவுக்கு ஒரு சதமாவது கிடைத்ததா என்று வகுப்பில் நான்தான் கேள்வி கேட்பேன். என் துண்டின் தலைப்பில் நான் எழுதியிருந்தது, "வரிசையில் காத்திருக்கும் ஏழைப் பெண்" என்பதன் ஆங்கிலம். அவ ஏழை என்று எனக்கு யார் சொன்னது? அன்றைக்கு டொக்டர்மாரும் வரிசையில்தான் நின்றார்கள்.

இரண்டாம் குறுக்குத் தெரு சம்மாங்கோட்டுப் பள்ளிக்கு முன்னால் போய் ஒரு மணித்தியாலம் நின்று பாருங்கள். 1909இல் கட்டி முடித்த அந்தச் சிவப்புப் பள்ளியை எடுக்க உலகமே வருகிறது. பள்ளியை எடுத்து முடித்ததும் கமரா திரும்புவது, மூட்டை சுமக்கிற நாட்டாமிமார் பக்கம். முதுகில் வேர்வை வழிவதை மெதுவாக ஓட விட்டால் நல்ல விலை. அந்த நாட்டாமியின் பிள்ளை என் வகுப்பில் இருக்கலாம், உங்கட மகனின் பக்கத்து வாங்கில் இருக்கலாம். எங்கட தெருவை எங்கட பிள்ளைகள் எடுக்க வேண்டும் என்று நான் சொல்வது இதனால்தான். வெளியே இருந்து வருகிறவனுக்கு அந்த மனிதரிடம் கேட்கப் பாஷை இல்லை. நமக்கு இருக்கிறது. "நானா, ஒரு வீடியோ எடுக்கட்டுமா, நெட்ல விக்கிறதுக்கு" என்று கேட்க அரை நிமிடம் போகும். மாட்டேன் என்றால் விட்டுவிட்டு வாருங்கள். சரி என்றால் கையெழுத்து வாங்கி, விற்றால் பங்கு கொடுங்கள். எந்தத் தளமும் இப்படிக் கேட்கவில்லை, இது என் வீட்டுச் சட்டம். என்னிடம் பழகுகிற பிள்ளைகளுக்கும் இதுதான்.

வட்டிக் கம்பனி விளம்பரத்தில் உம்மாவின் கை வந்தால் என்ன செய்வது என்று ஒரு சகோதரர் கேட்டிருந்தார். நியாயமான கேள்வி. யார் வாங்குகிறார்கள், எதற்குப் பாவிக்கிறார்கள் என்று தெரிவு செய்ய நமக்கு வழியில்லை, அதுதான் நிலைமை. மார்க்க விடயத்தை ஆலிம்களிடம் கேளுங்கள், நான் தீர்ப்புச் சொல்லத் தகுதியானவள் அல்ல.

பெற்றோர் வாய்விட்டுச் சொல்லாத பயம் ஒன்றும் இருக்கிறது. எங்கட பிள்ளை கமராவோடு தெருவில் நிற்கலாமா?

2019 ஏப்ரல் 21 காலை ஒன்பது மணிக்குக் கிட்ட, எங்கட வீட்டு ஜன்னல் கண்ணாடி அதிர்ந்தது. அந்தோனியார் கோயிலில் அன்று மௌத்தானவர்களில் எங்கட வாசலைக் கடந்து செவ்வாய்க்கிழமை தோறும் கோயிலுக்குப் போனவர்கள் இருந்தார்கள். அதற்குப் பிறகு இந்தப் பக்கத்தில் முஸ்லிம் பெயரோடு ஒரு பை தூக்கிக்கொண்டு நடப்பது எப்படி இருந்தது என்று உங்களுக்கு நான் சொல்லத் தேவையில்லை. போன வருடம் என் பழைய மாணவன் ஒருவன் விடியற்காலையில் துறைமுகச் சுவர்ப் பக்கமாக ஸ்டாண்டை விரித்திருக்கிறான். சீருடைக்காரர் ஒருவர் நிறுத்தினார். பெயரைச் சொன்னதும் கேள்விகள் நீண்டன. போனில் உள்ள ஒவ்வொரு படத்தையும் பார்த்து முடிய இரண்டு மணித்தியாலம். விட்டுவிட்டார்கள். ஆனால் அவன் அதற்குப் பிறகு ஸ்டாண்டைத் தொடவில்லை.

எனக்குக் கோபம் இருக்கிறது. ஆனாலும் துறைமுகத்தை எடுப்பது அவனுடைய பிழை, அதை முன்னமே சொல்லிக் கொடுக்காதது என்னுடைய பிழை. துறைமுகம், இராணுவ முகாம், பொலிஸ், இவற்றின் பக்கம் கமராவைத் திருப்பவே கூடாது. ட்ரோனுக்கு சிவில் விமான சேவை அதிகாரசபையின் அனுமதி வேண்டும். அது இல்லாமல் பறக்க விடுகிற எண்ணமே வேண்டாம். கோயிலுக்குப் பக்கத்தில் கமராவைக் கண்டு பயப்படுகிறவர்களை நான் குறை சொல்லமாட்டேன், அவர்களுக்குக் காரணம் இருக்கிறது. கோயில் அலுவலகத்தில் போய்க் கேட்டு, தருகிற அனுமதியோடு எடுங்கள். நான் ஜூன் திருவிழாவை எடுத்தபோது பக்கத்து லேன் கத்தோலிக்கப் பிள்ளை ஒருத்தியைக் கூட்டிக்கொண்டு போனேன். நோன்புக் கஞ்சி காய்ச்சுவதை எடுக்க அவள் எங்கட பக்கம் வந்தாள். ஆளுக்காள் தங்கட இடத்தில் மற்றவருக்காகப் பேசினோம். ஆடிவேலுக்கு செட்டியார் தெருவில் இருவரும் நிற்பதாகப் பேச்சு.

பள்ளிவாசல் நிர்வாகிகளுக்கும் பழைய மாணவர் சங்கத்தாருக்கும் ஒரு வேண்டுகோள். வருடா வருடம் கொப்பி, பேக் கொடுக்கிறீர்கள், அல்லாஹ் ஏற்றுக்கொள்ளட்டும். அதோடு மஹல்லாவுக்கு ஒரு நல்ல ஸ்டாண்டும் ஒரு ஹார்ட் டிஸ்க்கும் வாங்கி, பிள்ளைகள் முறை வைத்துப் பாவிக்கக் கொடுங்கள். ஒரு பிள்ளையிடம் கோர்ஸ்காரன் கேட்கிற சல்லியில் அது முடியும். சான்றிதழ் அச்சடித்து மேடை போட வேண்டாம், போன வருடத்து சான்றிதழே என் அலுமாரியில் கிடக்கிறது.

அந்த ஏ.எல். பையனோடு பேசினேன். என் மூன்று வருடக் கணக்கை ரூபாவில் எழுதி முன்னால் வைத்தேன். கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு, "டீச்சர் கிழமைக்கு ரெண்டு கிளிப்தான் போடுறீங்க, நான் இருபது போடுவன்" என்றான். மறுக்க முடியாத கணக்கு. கலைப் பிரிவுக்கு விண்ணப்பம் போடச் சம்மதித்திருக்கிறான், காலை ஆறில் இருந்து ஏழு வரைக்கும் எடுப்பானாம், பிறகு பாடசாலை. எத்தனை நாளைக்கு என்று பார்ப்போம்.

வருகிற சனிக்கிழமை அஸருக்குப் பிறகு எங்கட வீட்டு மாடியில் உட்கார்ந்து பழகுவோம். சல்லி இல்லை. பதினெட்டு வயதுக்குக் குறைந்தவர்கள் உம்மாவையோ வாப்பாவையோ கூட்டிக்கொண்டு வர வேண்டும். போனில் இடம் காலி பண்ணி, சார்ஜ் போட்டுக்கொண்டு வாருங்கள். அனுமதிப் படிவம் தமிழிலும் சிங்களத்திலும் விளங்கப்படுத்தி, ஆங்கிலத்தில் நிரப்புவது எப்படி என்பதில்தான் தொடங்குவேன், கமரா அதற்குப் பிறகு. வரிசையில் நின்ற அந்த உம்மாவும் வருவதாகச் சொல்லியிருக்கிறா. இப்போது இடியப்பம் அவித்து விற்கிறா. "கைய எடுங்க டீச்சர், மொகம் வேணாம்" என்றா.